பிரசவப் பணத்தில் இருக்கிற பேர்

நம்ம கூட்டமைப்பு மலருக்கு ஒரு தலைவியோட வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னாங்க. யாரை எழுதுறதுன்னு நான் யோசிக்கவே இல்லை. இந்தப் பேரை நாம எல்லாரும் ஒரு தடவையாவது படிவத்தில் எழுதியிருப்போம், இல்லைன்னா மருமகளுக்காக யாரையாவது எழுதச் சொல்லியிருப்போம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். நம்ம வாயில் அது முத்துலட்சுமி பணம். பணம் பேங்க்ல ஏறிடுச்சான்னு கேட்போமே தவிர, அந்த அம்மா யாருன்னு கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. எங்க குழுவில் ஒரு தங்கச்சிக்கு உடம்பு முடியாமப் போய், அவளோட சென்னைக்கும் புதுக்கோட்டைக்கும் அலைஞ்ச பிறகுதான் எனக்கே தெரிஞ்சுது.

அந்த அம்மா நம்ம ஊர்க்காரங்க. 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தாங்க. அப்போ இது சமஸ்தானம். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி குலத்தில் பிறந்தவர். அந்தக் கல்யாணத்துக்காக அப்பாவை அவர் சொந்தக்காரர்கள் ஒதுக்கி வெச்சாங்க. ஊர் ஒரு பொண்ணை எந்தக் கண்ணால பார்க்கும்னு முத்துலட்சுமிக்குப் பாடப் புத்தகம் சொல்லித்தர வேண்டிய அவசியம் இருக்கலை. வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவங்க.

வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்னு போச்சு. ஆனா அப்பா வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். மெட்ரிக் தேறினாங்க. அடுத்து படிக்க ஊரில் இருந்தது ஆண்கள் படிக்கிற மகாராஜா கல்லூரி ஒண்ணுதான். பொம்பளைப் பிள்ளையைச் சேர்க்கக் கூடாதுன்னு எதிர்ப்பு கிளம்பிச்சு. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் மகாராஜா அனுமதி கொடுத்ததால் இடம் கிடைச்சுது. அத்தனை ஆம்பளைப் பையன்களுக்கு நடுவில் ஒரே ஒரு பொண்ணு. நம்ம மாவட்டத்துப் பொம்பளைங்க அறிவொளி காலத்தில் சைக்கிளில் ஏறினப்போ ஊர் என்னென்ன பேசிச்சுன்னு மூத்த அக்காமார்களுக்கு ஞாபகம் இருக்கும். இது அதுக்கும் 90 வருஷத்துக்கு முன்னாடி.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் டாக்டர் ஆனாங்க. எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜனும் அவங்கதான். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் செய்துக்கிட்டாங்க. சும்மா இல்லை, நிபந்தனை போட்டு. தன்னைச் சமமா மதிக்கணும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. அந்த மனுஷனும் ஒத்துக்கிட்டார். கல்யாணப் பேச்சில் நகை எத்தனை பவுன்னு பேசுற நம்ம வீடுகளில் இப்படி ஒரு நிபந்தனையை யாராச்சும் போட்டாங்களான்னு தெரியலை.

இனிமேதான் நான் எழுத வந்த விஷயம்.

1920-களின் தொடக்கத்தில் அம்மையாரோட தங்கைக்கு வயிற்றுக் கோளாறு. சீதபேதின்னு சொல்லி வைத்தியம் நடந்துச்சு. நாள் போயிட்டே இருந்துச்சு, குணமாகலை. கடைசியில் பார்த்தா அது மலக்குடலில் புற்றுநோய். கண்டுபிடிச்சப்போ கை மீறிப் போயிருந்துச்சு. இளம் வயசுத் தங்கை, கண்ணு முன்னாலயே போயிட்டாங்க. வீட்டில் டாக்டர் இருந்தும் இந்தக் கதி. நான் இதைப் படிச்சப்போ புத்தகத்தை மூடி வெச்சிட்டு அடுப்படிக்குப் போயிட்டேன். ஏன்னா எங்க தங்கச்சிக்கு நடந்ததும் அச்சு அசல் அதுதான். நோயோட பேர் மட்டும் வேற.

பேரை எழுத வேண்டாம்னு அவ கேட்டுக்கிட்டா. எழுதச் சம்மதம் கொடுத்ததும் அவதான். அதனால தங்கச்சின்னே சொல்றேன். பிள்ளை பிறந்து அஞ்சு மாசம். வலது மார்பு கனத்துச் சிவந்து, தொட்டால் சூடு. எல்லாரும் சொன்னது பால் கட்டு. மாமியார் மல்லிகைப்பூ வெச்சுக் கட்டினாங்க. ஒரு தனியார் கிளினிக்கில் மாத்திரை கொடுத்தாங்க. ஒரு கோர்ஸ் முடிஞ்சு இன்னொரு கோர்ஸ். கொஞ்சம் குறையுற மாதிரி இருக்கும், திரும்ப வரும். மூணு மாசம் இப்படியே போச்சு. அதுக்குள்ள தோல் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி புள்ளி புள்ளியாத் தடிச்சுது. காம்பு உள்ள இழுத்துக்கிச்சு. அக்குளில் நெல்லிக்காய் மாதிரி ஒண்ணு தட்டுப்பட்டுது. அப்போதான் என்கிட்ட காட்டினா, அதுவும் கூட்டம் முடிஞ்சு எல்லாரும் போன பிறகு.

மார்பகப் புற்றுநோய்னா கட்டி இருக்கும்னு நாம நினைக்கிறோம். கட்டியே இல்லாம, வீங்கிச் சிவந்து வர்ற ஒரு வகை இருக்கு. அழற்சி வகைன்னு சொல்றாங்க. நூறு பேரில் அஞ்சு பேருக்குள்ளதான் வரும். ஆனா வந்தால் வாரக்கணக்கில் ஓடும். பால் கட்டுன்னா சரியான மருந்துக்கு ஒண்ணு ரெண்டு வாரத்தில் அடங்கணும். அடங்கலைன்னா மறுபடி அதே மாத்திரையை வாங்கக் கூடாது, சதையில் துளி எடுத்துப் பரிசோதிக்கணும். சென்னையில் டாக்டர் இதைச் சொன்னப்போ எங்களுக்கு அழ நேரமில்லை. ஸ்கேனுக்கும் அந்தச் சதைப் பரிசோதனைக்கும் ஆன செலவு எதில் போச்சு தெரியுமா? பேங்க்ல ஏறியிருந்த முத்துலட்சுமி பணத்தில்.

அம்மையார் கதைக்கு வர்றேன். தங்கை போன பிறகு புற்றுநோய்க்குன்னு தனி மருத்துவமனை வேணும்ங்கிற எண்ணம் அவங்க மனசில் விழுந்துடுச்சு. 1925-ல் பெண்கள், குழந்தைகள் நோய்கள் பற்றி மேல்படிப்புக்கு லண்டன் போனாங்க. அங்கே புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை நடக்கிறதைக் கண்ணால பார்த்தாங்க. ஆனா திரும்பி வந்ததும் உடனே அதைத் தொடங்க முடியலை. வேற வேலைகள் காத்துக்கிட்டு இருந்துச்சு. 1926-ல் சென்னைச் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டாங்க. அங்கேயே துணைத் தலைவரும் ஆனாங்க. கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடுற வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தாங்க. எதிர்த்தவங்க கொஞ்ச நஞ்சம் இல்லை. அந்தச் சட்டம் முழுசா நிறைவேற 1947 வரைக்கும் ஆச்சு. காந்தியைக் கைது பண்ணினதும் 1930-ல் பதவியை ராஜினாமா செய்தாங்க. அதே சமயத்தில்தான் போக்கிடம் இல்லாத பெண் பிள்ளைகளுக்காக அவ்வை இல்லம் தொடங்கினாங்க. இதெல்லாம் பள்ளிப் பிள்ளைங்க கட்டுரைப் போட்டிக்கு எழுதுறதுதான். அதனால சுருக்கிட்டேன்.

அவங்க காலத்தில் மார்புப் புற்றுநோய்க்கு என்ன வைத்தியம் இருந்துச்சுன்னு தெரிஞ்சா, எங்க தங்கச்சிக்குக் கிடைச்சது எத்தனை பேர் பாடுபட்டதுன்னு புரியும். அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்கிற சர்ஜன் 1880-களில் கொண்டுவந்த ஆபரேஷன்தான் அம்மையார் படிச்ச காலத்தில் உலகம் பூரா நடந்துச்சு. மார்பை மட்டும் இல்லை, அடியில் இருக்கிற நெஞ்சுச் சதை, அக்குள் நெறிகள், எல்லாத்தையும் சேர்த்து எடுத்துடுவாங்க. கையைத் தூக்க முடியாமப் போன பெண்கள் ஏராளம். அப்படி எடுத்தும் சிலருக்கு மறுபடி வந்துச்சு. இன்னும் பெருசா வெட்டணுமோன்னு நினைச்சாங்க. வேகமான வகையில் கத்தி வைக்கிறதுக்கு முன்னாடியே நோய் ரத்தத்தில் ஏறி வேற இடத்துக்குப் போயிடுதுன்னு ரொம்ப காலம் கழிச்சுத்தான் புரிஞ்சுது.

இன்னொரு புதிரும் இருந்துச்சு. அம்மையாருக்குப் பத்து வயசு இருக்கும்போது, 1896-ல், ஸ்காட்லாந்தில் பீட்சன் என்கிற டாக்டர், மார்புப் புற்று முத்தின பெண்களுக்குச் சினைப்பையை எடுத்துப் பார்த்தார். சிலருக்குக் கட்டி சுருங்கிச்சு. சிலருக்கு ஒரு மாற்றமும் இல்லை. ஏன் இவளுக்குக் கேட்டுது, அவளுக்குக் கேட்கலை? யாருக்கும் தெரியலை. பெண்களுக்குச் சுரக்கிற ஹார்மோனைத் தின்னு வளர்ற புற்று ஒரு வகை, அதைச் சட்டை பண்ணாத புற்று இன்னொரு வகைன்னு விடை கிடைக்க 1960-கள் ஆச்சு.

1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் அம்மையார் புற்றுநோய் மருத்துவமனை வேணும்னு கோரிக்கை வைச்சாங்க. பலன் இல்லை. சுதந்திரம் வந்த பிறகும் கதவு தட்டினாங்க. புற்றுநோய் வந்தால் சாகத்தானே போறாங்க, அதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரிங்கிற மாதிரி பதில் ஆட்சியில் இருந்தவங்ககிட்டேயிருந்தே வந்துச்சு. இந்தப் பதிலை நீங்களும் நானும் கேட்டிருக்கோம். வேற வார்த்தையில், நம்ம வீட்டுத் திண்ணையிலயே.

சர்க்காரை நம்பி உட்கார்ந்தால் ஆகாதுன்னு அம்மையார் போன இடம் ஒரு பெண்கள் சங்கம். இந்திய மாதர் சங்கம், 1917-ல் அடையாறில் தொடங்கினது. அவங்க அதில் தலைவியா இருந்தவங்க. 1949-ல் அந்தச் சங்கம் புற்றுநோய் நிவாரண நிதின்னு ஒண்ணைத் தொடங்கிச்சு. பெண்கள் கேட்டுக் கேட்டுப் பணம் சேர்த்தாங்க. 1952 அக்டோபரில் பிரதமர் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1954 ஜூனில் மருத்துவமனை திறந்துச்சு. மொத்தமே 12 படுக்கை. அம்மையாருக்கு அப்போ 68 நெருங்குது. தங்கை செத்து முப்பது வருஷம் கழிச்சு. அவங்க மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி சர்ஜனா இருந்து அதை நடத்தினார். 1955-ல் டாக்டர் சாந்தா சேர்ந்தாங்க. 1950-களின் பிற்பகுதியிலேயே கோபால்ட் கதிர் மெஷின் அங்கே வந்துடுச்சு, கனடாவிலிருந்து நன்கொடையா.

அடையாறில் அந்தப் பெயர்ப் பலகையை நீங்க பார்த்தால், புற்றுநோய் மருத்துவமனைப் பேருக்குப் பக்கத்தில் டபிள்யூ.ஐ.ஏ.ன்னு மூணு எழுத்து இருக்கும். அது ஏதோ டிகிரி இல்லை. விமன்ஸ் இந்தியன் அசோசியேஷன். மாதர் சங்கம். சீட்டுப் போட வரிசையில் நின்னப்போ பக்கத்தில் இருந்த வயசான அம்மா ஒருத்தர் எனக்குச் சொன்னாங்க. எனக்குக் கை கால் புரியலை. பொம்பளைங்க சங்கம் கட்டின ஆஸ்பத்திரி! நாம சேமிப்பு 100 ரூபாய் கட்ட மூக்கால் அழறோமே.

எங்க தங்கச்சிக்குச் சதைப் பரிசோதனை ரிப்போர்ட் வந்த நாளை மறக்க மாட்டேன். மூணு சோதனை எழுதியிருந்துச்சு. மூணும் நெகட்டிவ். அவ புருஷன் போனிலேயே ஊருக்குச் சொல்லிட்டான், எல்லாம் நெகட்டிவ், ஒண்ணுமில்லைன்னு. கொரோனா காலத்தில் பழகின புத்தி. மாமியார் கோயிலில் தேங்காய் உடைச்சிட்டாங்க. அப்புறம் டாக்டர் உட்கார வெச்சு விளக்கினார். ஹார்மோன் ரெண்டுக்கும் இந்தப் புற்று மசியாது, ஹெர் டூ என்கிற புரதமும் இதில் இல்லை. மூணுமே இல்லாததால டிரிபிள் நெகட்டிவ். அதாவது நோய்க்குப் பூட்டு இருக்கு, நம்ம கையில் இருக்கிற மூணு சாவியும் சேரலை.

ஹார்மோன் வகைன்னா அஞ்சு வருஷம், பத்து வருஷம் தினம் ஒரு மாத்திரை போட்டுக் காவல் வைக்கலாம். ஹெர் டூ வகையும் ஒரு காலத்தில் பொல்லாததுதான். அதுக்கு டிராஸ்டுசுமாப் என்கிற ஊசி 1998-ல் வந்துச்சு, அம்மையார் காலமாகி முப்பது வருஷம் கழிச்சு. மூணு வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு வருஷம் போடணும். முதலில் லட்சக்கணக்கில் விலை. இப்போ இந்தியாவிலேயே தயாரிக்கிறதால குறைஞ்சிருக்கு. மூணும் இல்லாதவளுக்கு முக்கியமான ஆயுதம் கீமோதான். புதுசா எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுற ஊசி வந்திருக்கு, நம்ம மாதிரி ஆளுக்கு எட்டாத விலை. இந்த வகை உலகத்தில் நூறு மார்புப் புற்றுக்குப் பத்துப் பதினஞ்சு. நம்ம நாட்டில் அதைவிட அதிகம். அதுவும் சின்ன வயசுப் பெண்களுக்கு.

கட்டியை உடனே அறுத்து எறியுங்கன்னு அவ புருஷன் கெஞ்சினான். டாக்டர் மாட்டேன்னார். தோல் வீங்கிச் சிவந்திருக்கும்போது கத்தி வைச்சால் விளிம்பில் நோய் தங்கிடும், முதலில் மருந்தால் சுருக்கணும், அப்புறம் ஆபரேஷன், அப்புறம் கதிர். முற்றின மார்புப் புற்றுக்கு முதலில் மருந்தும் கதிரும், பிறகு கத்தி என்கிற வழியை அந்தக் காலத்திலேயே செய்து பார்த்துப் பேர் வாங்கின இடங்களில் அம்மையார் தொடங்கின அந்த மருத்துவமனையும் ஒண்ணு.

சிவப்பு மருந்து மூணு வாரத்துக்கு ஒண்ணா நாலு தடவை. அப்புறம் வாரா வாரம் பன்னிரண்டு. முதல் நாளே பிள்ளைக்குத் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லிட்டாங்க. முடி போனதுக்குக்கூட அவ அழலை, பிள்ளை மார்பைத் தேடினப்போ அழுதா. ரெண்டாவது மருந்திலேயே சிவப்பு வடிஞ்சு மார்பு இலகுவாச்சு. அங்கேதான் ஆபத்து. நல்லாயிடுச்சே, இனி எதுக்கு அலைச்சல், ஆடு கோழி யார் பார்க்கிறதுன்னு வீட்டில் பேச்சு வந்துச்சு. வேகமான வகை மருந்துக்கும் வேகமாத்தான் சுருங்கும், பாதியில் விட்டால் திரும்பி வர்றதும் அதே வேகம். இதைச் சொல்ல நானும் ஊக்குநர் அக்காவும் அவ வீட்டுக்கு மூணு தடவை போனோம். ஒரு தடவை வெள்ளை அணு குறைஞ்சு மருந்து ஒரு வாரம் தள்ளிப் போச்சு. அந்த ஒரு வாரம் நாங்க யாரும் தூங்கலை.

செலவைப் பற்றியும் சொல்லணும், பாதிப் பேர் பயப்படுறது அதுக்குத்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் வருஷத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை வழி இருக்கு. ஆபரேஷன், கீமோ, கதிர் பெரும்பாலும் அதில் அடங்கிடுச்சு. சிகிச்சைக்குப் போகும்போது புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர் டிக்கெட் இலவசம், துணைக்குப் போறவருக்குச் சலுகை. ஆஸ்பத்திரியில் படிவம் வாங்கிட்டுப் போகணும். அடங்காதது தங்குற செலவு, சாப்பாடு, போன கூலி. அதுக்குத்தான் குழுவில் தீர்மானம் போட்டு 20 ஆயிரம் உள்கடன் கொடுத்தோம். ரெண்டு பேர் முணுமுணுத்தாங்க, பிழைக்காட்டி யார் கட்டுறதுன்னு. அந்தக் கேள்வி மினிட் புத்தகத்தில் ஏறலை, எனக்கு மட்டும் ஞாபகம் இருக்கு. சாகத்தானே போறாங்கன்னு அம்மையாருக்குச் சொன்ன பதிலும் இதுவும் ஒரே பதில்தான்.

அம்மையாருக்கு 1956-ல் பத்ம பூஷண் கொடுத்தாங்க. 1968 ஜூலை 22 அன்று சென்னையில் காலமானாங்க, 82-வது பிறந்த நாளுக்கு எட்டு நாள் முன்னாடி. எங்க தங்கச்சி நோயின் பேரையே அவங்க கேள்விப்பட்டிருக்க மாட்டாங்க. டிரிபிள் நெகட்டிவ் என்கிற பேர் புழக்கத்துக்கு வந்தது இந்த நூற்றாண்டில்தான்.

மார்பில் தோணுற எல்லாக் கட்டியும் புற்று இல்லை, பெரும்பாலானது சாதாரணக் கட்டிதான். இதைப் படிச்சிட்டு யாரும் ராத்திரி பூரா பயந்துட்டுக் கிடக்க வேண்டாம். ஆனா பால் கொடுக்கிற மருமகளுக்குச் சிவப்பு ரெண்டு வாரத்தில் அடங்கலைன்னா மல்லிகைப்பூவை அவிழ்த்து வெச்சிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. என்னிடம் சொல்லுங்க, நானும் வர்றேன்.

தங்கச்சிக்கு ஆபரேஷன் முடிஞ்சு, கதிர் முடிஞ்சு, ஒண்ணரை வருஷம் ஆகுது. எடுத்த சதையில் கொஞ்சம் நோய் மிச்சம் இருந்ததால ஆறு மாசம் மாத்திரையும் சாப்பிட்டா. இந்த வகை திரும்பி வர்றதா இருந்தால் பெரும்பாலும் முதல் மூணு வருஷத்துக்குள்ளன்னு சொல்லியிருக்காங்க. அதைத் தாண்டத் தாண்ட பயம் குறையும். அதனால அவ நாட்களை எண்ணிக்கிட்டு இருக்கா, நாங்களும்தான். பிள்ளை அங்கன்வாடிக்குப் போறான். உள்கடனில் இன்னும் நாலு தவணை பாக்கி, ஒண்ணும் தவறலை. அடுத்த பரிசோதனைக்கு ராத்திரி ரயிலில் டிக்கெட் போட்டாச்சு. இந்தத் தடவை துணைக்கு நான் இல்லை, அன்னைக்கு முணுமுணுத்த ரெண்டு பேரில் ஒருத்தி போறா.